மங்கினால் உடனே கிரகணமா?

மறுபடியும் என் மேசைக்கு ஒரு லைட் கர்வ் (விண்மீனின் வெளிச்சம் நேரத்தோடு எப்படி மாறுகிறது என்ற வரைபடம்) வந்திருக்கிறது. கோள் நெபுலாவின் (முதிர்ந்த விண்மீன் உதறிய வாயு மேகம்) மைய விண்மீன், அலைபோல ஏறி இறங்கும் ஒரு கோடு, அடியில் "கிரகண இரட்டை" என்று தலைப்பு, அதாவது ஒன்றையொன்று சுற்றும்போது மறைத்துக்கொள்ளும் இரண்டு விண்மீன்களாம். எத்தனை தடவைதான் சொல்வது!

கிரகணம் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் ஏபெல் 63 என்ற கோள் நெபுலாவின் நடுவிலுள்ள யூயூ சஜிட்டே என்ற இரட்டை விண்மீனைப் பாருங்கள். சுமார் 11 மணி நேரத்துக்கு ஒருமுறை துணை விண்மீன் குறுக்கே வந்து சூடான விண்மீனை முழுசாக மூடிவிடும். வெளிச்சம் நான்கு மேக்னிட்யூடுக்கும் (விண்மீன் பிரகாசத்தை அளக்கும் அலகு) மேல் சரேலென்று விழும், கொஞ்ச நேரம் தட்டையாக நிற்கும், அதே வேகத்தில் ஏறும். உங்கள் கோட்டில் அப்படி ஏதாவது இருக்கிறதா? இல்லை. அங்கே யாரும் யாரையும் மறைக்கவில்லை. சூடான விண்மீனின் புறஊதாக் கதிரை விழுங்கித் துணையின் ஒரு முகம் மட்டும் கொதித்து ஒளிர்கிறது, அந்த முகம் நம் பக்கம் திரும்பினால் பிரகாசம், அப்பால் போனால் மங்கல், கிட்டத்தட்ட வளர்பிறை தேய்பிறை மாதிரி. ஹெச்எஃப்ஜி 1 என்ற கோள் நெபுலாவின் மைய இரட்டையில் கிரகணமே கிடையாது, ஆனாலும் சுமார் ஒரு மேக்னிட்யூட் மாறுகிறது.

சரி, சுற்றுக்காலத்துக்கு வருவோம். ஈர்ப்பால் முட்டை வடிவத்துக்கு இழுபட்ட விண்மீன் என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு ஏற்றம் வரும். ஏபெல் 41 நெபுலாவின் மைய இரட்டைக்குச் சுற்றுக்காலம் 1983-இல் 2 மணி 43 நிமிடம் என்று வெளியிட்டார்கள். உண்மையில் அது பாதிதான் என்று பிறகு தெரிந்தது. தொழில்முறை ஆட்களே சறுக்கிய இடம் இது. அதனால் தயவுசெய்து இரட்டிப்புக் காலத்திலும் ஒருமுறை மடித்து, அதாவது எல்லாச் சுற்றுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாருங்கள், ஒன்றுவிட்டு ஒரு பள்ளம் ஆழம் மாறுகிறதா என்று கவனியுங்கள். அப்போதும் புரியவில்லை என்றால் ஆரத்திசைவேகம் (விண்மீன் நம்மை நோக்கியோ விலகியோ நகரும் வேகம்) எடுக்காமல் முடிவு சொல்லக் கூடாது.

அப்புறம் அந்த நெபுலா! காற்று கலங்கினால் விண்மீனின் பிம்பம் விரிந்து அளவு வட்டத்துக்கு (படத்தில் வெளிச்சத்தைக் கூட்டி அளக்கும் வட்டம்) வெளியே வழியும், உள்ளே இருக்கும் நெபுலா வெளிச்சமோ அப்படியே நிற்கும். ஒப்பிட்டு அளக்க எடுக்கும் பக்கத்து விண்மீனைச் சுற்றி நெபுலா கிடையாது, ஆகவே அதன் அளவைக் கழித்தாலும் இந்தப் பிழை போகாது. இப்படி வந்த பொய்யான "மாறுபாடுகள்" என் மேசையில் ஏராளம். நெபுலா பளிச்சென்று ஒளிரும் 500.7 நானோமீட்டர் ஆக்சிஜன் கோடும் ஹெச்-ஆல்ஃபா என்ற ஹைட்ரஜன் கோடும் நுழையாத வடிகட்டி போடுங்கள், அகச்சிவப்பை ஒட்டிய ஐ பட்டை போதும். அனுப்பும்போது பிம்பம் எவ்வளவு விரிந்தது என்ற வரைபடத்தையும் லைட் கர்வுக்குக் கீழேயே ஒட்டி அனுப்புங்கள், இரண்டும் சேர்ந்து ஆடினால் எனக்கு எழுதவே வேண்டாம்.