வலசை: போவதற்கும் திரும்புவதற்கும் ஒரே சொல்

பங்குனிக் காலையில் கிருஷ்ணகிரி அணைப் பூங்காவில் நடப்பவர்கள், புதிதாக ஒரு குருவி கண்ணில் பட்டால் 'வெளிநாட்டுப் பறவை' என்று சொல்லிவிட்டு நகர்கிறார்கள். ஆறுமணிக் குருவியை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இமய அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தெற்கே வருவது அது. அந்த வரவையும் போக்கையும் குறிக்கும் சொல் வலசை. வலசை போகிறது, வலசை வருகிறது என்போம்.

பழைய அகராதிகளில் இந்தச் சொல்லுக்குள் பறவை கிடையாது. எதிரிப் படைக்கு அஞ்சி ஊர்மக்கள் குடியோடுவதுதான் வலசை. பாராமகால் என்று பெயர் பெற்றிருந்த நம் மண்ணில் 1767-ல் தொடங்கி, 1792-ல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினி வசமாகும் வரை மைசூர்ப் போர்களின் படைகள் மாறி மாறி வந்தன. அப்படி ஓடுவதற்கென்று தனிச்சொல் ஏன் வேண்டியிருந்தது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தெலுங்கில் இது வலச, கன்னடத்தில் வலசெ. வேலை தேடி ஊர்விட்டுப் போகும் கூலியாட்களையும் அந்த மொழிகளில் இந்தச் சொல்லாலேயே குறிப்பிடுகிறார்கள். மூன்று மொழியும் புழங்கும் ஓசூரில் யாரிடம் சொன்னாலும் புரியும்.

நம் மாவட்டத்தில் அதிகம் காதில் விழுவது யானை வலசைதான். ராகி விளையும் பருவத்தில் பன்னார்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கூட்டம் இறங்கும். அது வரும் வழி, வலசைப் பாதை.

சரி, இதைவிடப் பழைய தமிழ்ச்சொல் உண்டா? உண்டு. சங்கப் பாடல்களில் வம்பப் புள் வருகிறது. புள் என்றால் பறவை; வம்பு என்றால் புதியது, நிலையில்லாதது. காலமல்லாத காலத்தில் பெய்யும் மழையைக் குறுந்தொகை 'வம்ப மாரி' என்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. ஆனால் இன்று வம்பு என்றாலே சண்டை என்றாகிவிட்டது. பழைய பொருளில் மீட்பது கடினம். வலசைக்குப் பதிலாகச் சிலர் சொல்லக்கூடிய புலம்பெயர்தல், போரால் மண்ணை இழந்த மனிதர்களின் சொல்லாகிவிட்டது. அதைக் குருவிக்குக் கொடுக்க வேண்டாம். இடம்பெயர்தல் என்ற சொல்லிலோ திரும்பி வருவது என்ற பொருள் இல்லை. ஏரி வற்றினால் கொக்கு அடுத்த ஏரிக்குப் போகிறதே, அதற்குப் பொருந்தும்.

நடு ஆசியாவில் கூடு கட்டும் சோளப்பட்சி, மாசி பங்குனியில் இலவம்பூவிலும் கல்யாண முருங்கைப் பூவிலும் கூட்டமாக மொய்த்துத் தேன் குடிக்கும். சித்திரை முடிந்தால் மரம் அமைதியாகிவிடும். அப்போது 'சோளப்பட்சி வலசை போயிற்று' என்று சொல்லுங்கள். அப்புறம் ஆவணி, புரட்டாசியில் வானத்தைப் பார்த்து, 'வலசை வந்துவிட்டது'.