தடைக்காலத்திலேயே கல்லூரி விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்

ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், நம் ராமநாதபுரம் கரையில் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. அரசு கொடுக்கும் 8,000 ரூபாய் நிவாரணத்தோடு வீடு ஓட வேண்டும். பிளஸ் டூ ரிசல்ட் வருவதும் கல்லூரி விண்ணப்பம் தொடங்குவதும் இதே நாட்களில்தான். கையில் காசில்லாத நேரத்தில் "காலேஜுக்கு எங்கே போவது?" என்று வீட்டில் ஒரு பேச்சு எழும். அந்தப் பேச்சோடு நின்றுபோன பிள்ளைகளை பாம்பனிலும் மண்டபத்திலும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அரசுக் கல்லூரியில் சேர எவ்வளவு செலவாகும், சேர்ந்த பிறகு என்ன கிடைக்கும் என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் பல வீடுகளில் அந்தப் பேச்சு வேறு மாதிரி முடிந்திருக்கும்.

முதலில் கல்லூரிகள். ராமநாதபுரத்தில் சேதுபதி அரசு கலைக் கல்லூரியும் அரசு மகளிர் கலைக் கல்லூரியும் இருக்கின்றன. தீவுக்குள் ராமேஸ்வரத்தில் அப்துல் கலாம் பெயரில் ஓர் அரசு கலை அறிவியல் கல்லூரி. தொண்டிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திருவாடானை, சாயல்குடிப் பக்கத்தவர்களுக்குக் கடலாடி, உள்ளே போனால் முதுகுளத்தூர், பரமக்குடி. எல்லாம் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. முன்பு ராமேஸ்வரத்திலிருந்து பட்டப்படிப்புக்கு வர வேண்டுமென்றால் பாலம் தாண்டி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் வர வேண்டும். பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பத் தயங்கிய வீடுகள் பல. தீவுக்குள்ளேயே கல்லூரி வந்ததன் அருமை அந்த வீடுகளுக்குத் தெரியும்.

அரசு கலைக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் ஒரே இணையவழி விண்ணப்பம்தான். விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். தமிழ் படிக்க விரும்பினால் தமிழ் மதிப்பெண்ணை வைத்தும், ஆங்கிலம் என்றால் ஆங்கில மதிப்பெண்ணை வைத்தும் தரவரிசை போடுவார்கள். மற்ற பாடங்களுக்கு நான்கு முதன்மைப் பாடங்களின் மொத்த மதிப்பெண். சாதிச் சான்றிதழைக் கடைசி நேரத்தில் தேடாதீர்கள். அது இல்லாமல் இடஒதுக்கீட்டில் இடம் வாங்க முடியாது. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி முஸ்லிம் பிள்ளைகளுக்கு உரிய 3.5 சதவீதத்துக்கும் அந்தச் சான்றிதழ்தான் வேண்டும்.

அடுத்தது, கல்லூரியில் சேர்ந்த பிறகு அரசு தரும் மாதம் ஆயிரம் ரூபாய். பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம், 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கியது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களையும் பின்னர் சேர்த்துக்கொண்டார்கள். கடற்கரை ஊர்களில் சர்ச் நடத்தும் உதவிபெறும் பள்ளிகளில் படித்தவர்கள் அதிகம் என்பதால் இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டப்படிப்பு, டிப்ளமோ, ஐடிஐ எதில் சேர்ந்தாலும் படிப்பு முடியும்வரை பணம் வரும். மூன்று வருடப் பட்டப்படிப்புக்கு 36,000 ரூபாய். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம். தொலைதூரக் கல்விக்கும் திறந்தநிலைப் பல்கலைக்கழகப் படிப்புக்கும் மட்டும் கிடையாது.

இதற்குத் தனியாக எந்த அலுவலகத்துக்கும் அலைய வேண்டியதில்லை. கல்லூரியில் சேர்ந்ததும் அங்கே இதற்கென்று இருக்கும் பொறுப்பாசிரியர் வழியாகவே பதிவு நடக்கும். பள்ளியில் ஒவ்வொரு மாணவருக்கும் அடையாளமாகக் கொடுத்த எமிஸ் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டால் போதும்.

சிக்கல் வருவது பேங்கில்தான். என் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஐந்து மாதம் பணம் வரவில்லை. அவள் அம்மா பாசி எடுக்கப் போகிறவர். விடிகாலை கடலில் இறங்கிவிட்டு, கரையேறியதும் ஈரப் புடவையை மாற்றிக்கொண்டு பேங்க் வாசலில் நிற்பார். "ஆதார் லிங்க் ஆகியிருக்கிறது, போங்கள்" என்றே ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. அப்புறம்தான் விஷயம் புரிந்தது. அக்கவுண்டில் ஆதார் எண்ணைப் பதிவது ஒன்று, அரசுப் பணம் அந்த அக்கவுண்டுக்கு வரும்படி ஆதாரை இணைப்பது வேறு. இரண்டாவது நடக்காவிட்டால் பணம் வராது. வேறு அக்கவுண்டோடு இணைப்பு இருந்தால் பணம் அங்கே போய்விடும். அதனால் பேங்கில் போய், "என் ஆதாருக்கு வரும் அரசுப் பணம் இந்த அக்கவுண்டுக்கு வரும்படி மாற்றிக் கொடுங்கள்" என்று சொல்லி, படிவம் எழுதிக் கொடுங்கள். பள்ளியில் திறந்த பழைய அக்கவுண்ட் என்றால் அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதையும் கேட்டு விடுங்கள். பாஸ்புக் பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும், அப்பா பெயரில் அல்ல.

பத்தாவதோடு நிறுத்திவிட்டுப் படகு ஏறிய பையன்களுக்கு ஐடிஐ இருக்கிறது. ஆண்களுக்கு 40 வயது வரை சேரலாம், பெண்களுக்கு வயது வரம்பே இல்லை. அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பஸ் பாஸ் எல்லாம் உண்டு. தகுதியிருந்தால் அந்த ஆயிரமும் சேரும். பத்தாவதுக்குப் பிறகு இரண்டு வருட ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அவரே மொழித்தேர்வு எழுதி பிளஸ் டூவுக்குச் சமமான சான்றும் வாங்கலாம். வெல்டிங்கும் டீசல் மெக்கானிக்கும் தெரிந்த கைக்குத் துறைமுகத்திலும் வேலை இருக்கிறது, சபர், அதாவது வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனாலும் வேலை இருக்கிறது. சான்றிதழோடு போகிறவனுக்கும் வெறுங்கையோடு போகிறவனுக்கும் சம்பளத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று கீழக்கரையில் யாரையும் கேட்டுப் பாருங்கள்.

இன்ஜினியரிங், மீன்வளம், கால்நடை, வேளாண்மை, சட்டம் என்று நினைப்பவர்களுக்கு, ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டும். வீட்டில் அதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால், இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரி சான்றிதழுக்கும் எழுதிப் போடுங்கள். தொழிற்படிப்புக் கட்டணச் சலுகைக்கு அது தேவைப்படும். ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான் அந்தச் சலுகை.

முதல் பட்டியலில் பெயர் இல்லையென்றால் வலையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். கலந்தாய்வு முடிந்த பிறகும் நம் பக்கத்துக் கல்லூரிகளில் சில பாடங்களுக்கு இடம் மிச்சம் இருக்கும். டிசி, மார்க்ஷீட், சாதிச் சான்றிதழ், ஆதார், பாஸ்புக், நாலு போட்டோ எல்லாவற்றையும் ஜெராக்ஸோடு ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு, காலையிலேயே நேராகக் கல்லூரிக்குப் போய் எந்தப் பாடத்தில் இடம் காலியாக இருக்கிறது என்று கேளுங்கள்.