ஆஸ்திரேலியாவில் கருப்பை வாய்ப் பரிசோதனை: யாருக்கு, எப்போது, முடிவு வந்தபின் என்ன

ஆஸ்திரேலியாவில், கருப்பை வாயின் செல்களை எடுத்துப் பார்க்கும் பேப் ஸ்மியர் 2017 டிசம்பர் 1ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நம் வீடுகளில் மட்டும் ‘ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா பேப் டெஸ்ட்’ என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. இப்போது இருப்பது 5 ஆண்டுக்கு ஒருமுறை, கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எச்.பி.வி. என்ற வைரஸைத் தேடும் பரிசோதனை. பெயரோடு, தேடும் பொருளும் மாறியிருக்கிறது.

பேப் ஸ்மியரில் செல்கள் உருமாறிவிட்டனவா என்று நுண்ணோக்கியில் பார்த்தார்கள். இப்போது அந்த மாற்றத்துக்குக் காரணமான வைரஸின் டி.என்.ஏ. இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறார்கள். தொற்று உடலில் தங்கிப்போய், அது புற்றுநோயாக வளரப் பெரும்பாலும் 10 ஆண்டுக்கும் மேல் ஆகும். அதனால்தான் வைரஸ் இல்லாதவரை 5 ஆண்டு கழித்து வரச் சொல்கிறார்கள். செலவைக் குறைக்கத்தான் இடைவெளியைக் கூட்டினார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு, அது சரியல்ல.

25 முதல் 74 வயது வரை, கருப்பை வாய் இருக்கிற, எப்போதாவது யாரோடாவது பாலுறவுத் தொடர்பு இருந்த எல்லாருக்கும் இந்தப் பரிசோதனை உண்டு. மாதவிடாய் நின்றவர்களும், கணவரை இழந்து பல ஆண்டு ஆனவர்களும் இதில் அடக்கம். எச்.பி.வி. தடுப்பூசி போட்டவர்களும் வர வேண்டும். பரிசோதனை தேடுவது இந்த வைரஸில் புற்றுநோய் ஆபத்துள்ள 14 வகைகளை. ஒன்பது வகைத் தடுப்பூசி அவற்றில் 7 வகையைத்தான் தடுக்கும், மீதி இரண்டு மரு உண்டாக்கும் வகைகள். கருப்பையை எடுத்துவிட்டோமே என்பவர்கள் கருப்பை வாயும் சேர்த்து எடுக்கப்பட்டதா, எதற்காக எடுக்கப்பட்டது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கருப்பை வாய் அப்படியே இருந்தால் பரிசோதனையும் தொடரும். நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைந்தவர்களுக்கு இடைவெளி 5 அல்ல, 3 ஆண்டு.

அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேரின் அட்டை இருந்தால் ஆய்வகச் செலவை மெடிக்கேர் ஏற்கும். டாக்டரைப் பார்க்கும் கட்டணம் வேறு. அதையும் மெடிக்கேரே முழுவதும் ஏற்கும் பல்க் பில் உண்டா என்று போனிலேயே கேட்டுவிடுவது நல்லது. 57 மாதத்துக்குள், அதாவது 4 ஆண்டு 9 மாதம் முடிவதற்குள், வழக்கமான பரிசோதனையை மறுபடி செய்தால் மெடிக்கேர் பணம் தராது. ‘எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம்’ என்று மூன்றாம் ஆண்டே போய் நிற்பவர்களுக்கு ஆய்வக பில் வருவது இதனால்தான்.

2022 ஜூலை 1 முதல் தகுதியுள்ள எல்லாரும் மாதிரியைத் தாங்களே எடுத்துக்கொள்ளலாம். கூச்சத்தாலும், பிறப்புறுப்பை விரித்துப் பார்க்கும் ஸ்பெக்குலம் கருவி மீதுள்ள பயத்தாலும் தள்ளிப்போட்டவர்களுக்கு இந்தத் திட்டத்தில் வந்த மாற்றங்களில் இதுவே பெரியது என்பது எங்கள் கருத்து. டாக்டரோ நர்ஸோ பஞ்சு முனைக் குச்சி போன்ற ஒரு ஸ்வாப் தருவார்கள். திரைக்குப் பின்னாலோ கழிவறையிலோ எடுக்கலாம். மூடியைத் திருகி எடுங்கள். மென்மையான முனையை விரலால் தொடவோ கீழே வைக்கவோ வேண்டாம். பிறப்புறுப்புக்குள் சில சென்டிமீட்டர், குச்சியில் உள்ள குறிவரை மெதுவாகச் செலுத்தி, 10 முதல் 30 விநாடி சுழற்றுங்கள். கருப்பை வாயைத் தொட வேண்டியதில்லை. வெளியே எடுத்து, அதே குழாயில் வைத்து மூடி, கொடுத்துவிடுங்கள். வைரஸைக் கண்டுபிடிப்பதில் இது டாக்டர் எடுக்கும் மாதிரிக்கு ஈடானதுதான். ‘நானே எடுத்தேன், சரியாக வந்திருக்குமா’ என்று கவலைப்பட வேண்டாம். மாதிரி போதவில்லை என்றால் அறிக்கையே அப்படிச் சொல்லும், மறுபடி எடுக்கச் சொல்வார்கள். மாதவிடாய் இரத்தம் அதிகமாக இருக்கும் நாள்களில் எடுத்தால் முடிவு வராமல் போக வாய்ப்பு உண்டு.

ஒரு குறை இருக்கிறது, அதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் எடுத்த ஸ்வாபில் கருப்பை வாயின் செல்கள் இருக்காது. அதில் வைரஸ் மட்டுமே பார்க்க முடியும். டாக்டர் எடுத்திருந்தால், வைரஸ் தெரிந்தவுடன் அதே குப்பியிலுள்ள செல்களையும் ஆய்வகம் பார்த்துவிடும்.

முடிவு மூன்றில் ஒன்றாக வரும். வைரஸ் இல்லை என்றால் 5 ஆண்டு கழித்து வந்தால் போதும். 16 அல்லது 18ஆம் வகை இருந்தால், செல்கள் எப்படி இருந்தாலும் நேரே கோல்போஸ்கோபி. கருப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் நிபுணர் பார்ப்பார். சந்தேகமான இடத்தில் சிறு துணுக்கு எடுப்பார். பெரும்பாலான கருப்பை வாய்ப் புற்றுநோய்களுக்கு இந்த இரண்டு வகைகளே காரணம் என்பதால் இந்த அவசரம்.

குழப்பம் வருவது மூன்றாவதில்: 16, 18 அல்லாத வேறொரு வகை. இங்கே செல்களைப் பார்த்த பிறகே அடுத்த முடிவு. தானே மாதிரி எடுத்தவர் செல் மாதிரி கொடுக்க டாக்டரிடம் திரும்பிப் போயாக வேண்டும். பலர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். செல்களில் கடுமையான மாற்றம் இருந்தால் கோல்போஸ்கோபி. இல்லாவிட்டாலோ மாற்றம் லேசாக இருந்தாலோ 12 மாதம் கழித்து மறுபரிசோதனை. அப்போதும் அதே நிலை என்றால், 2021 பிப்ரவரியில் வந்த மாற்றப்படி, பெரும்பாலானவர்கள் இன்னொரு 12 மாதம் காத்திருக்கலாம். 50 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள், வைரஸ் தெரிந்த முதல் பரிசோதனைக்கே 2 ஆண்டோ அதற்கு மேலோ தாமதமாக வந்தவர்கள், பழங்குடி மக்கள் ஆகியோருக்கு இந்தக் காத்திருப்பு இல்லை; கோல்போஸ்கோபிக்கு அனுப்புவார்கள். 24ஆம் மாதத்திலும் வைரஸ் இருந்தால் எல்லாருக்கும் கோல்போஸ்கோபி. 70 முதல் 74 வயதுக்குள் செய்யும் கடைசிப் பரிசோதனையில் வைரஸ் இல்லை என்றால் இனி வர வேண்டாம். இருந்தால், எந்த வகையானாலும் கோல்போஸ்கோபி.

‘வைரஸ் இருக்கிறது’ என்பதற்குப் புற்றுநோய் இருக்கிறது என்று பொருளல்ல. பெரும்பாலான தொற்றுகளை ஒன்றிரண்டு ஆண்டில் உடலே விரட்டிவிடும். வீட்டில் சண்டை மூட்டுகிற இன்னொரு கேள்வி, ‘இது யாரால் வந்தது?’ பரிசோதனையால் அதைச் சொல்லவே முடியாது. தொற்று எப்போது வந்தது என்றும் தெரியாது. பல ஆண்டு வெளியே தெரியாமல் கிடந்து பின்னர் தலைகாட்டும். ஒரே துணையோடு வாழ்ந்தவருக்கும் வரும். இந்தத் தாளை வைத்துக் கணவரையோ மனைவியையோ சந்தேகிப்பது வீண்.

முடிவுகள் எல்லாம் தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைப் பதிவேட்டுக்குப் போகும். நினைவூட்டுவதும், தவறவிட்டவரைத் தேடுவதும் அதன் வேலை. வேண்டாம் என்றால் விலகிக்கொள்ளலாம், ஆனால் நினைவூட்டலும் நின்றுவிடும். கடிதம் மெடிக்கேரில் உள்ள முகவரிக்கே போகும் என்பதால் வீடு மாறினால் அங்கே மாற்றுங்கள். நம்மவர்களுக்கு இன்னொரு சிக்கல் பெயர்: தந்தை பெயர் ஓரிடத்தில் முன்னே, ஓரிடத்தில் பின்னே. மெடிக்கேர் அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள்.

நாட்டில் எச்.பி.வி. தொற்று எவ்வளவு என்று அளப்பதற்கும் இதே பதிவேடு உதவுகிறது. 2007இல் சிறுமிகளுக்கும் 2013இல் சிறுவர்களுக்கும் பள்ளியில் தடுப்பூசி தொடங்கியதால், அந்தத் தலைமுறை 25ஐத் தொட்டபோது 16, 18 வகைகள் குறைந்தது இந்த எண்களில் தெரிந்தது. ஆனாலும் இதை நாட்டின் மொத்தத் தொற்று என்று படிக்கக் கூடாது. 25க்குக் கீழ் உள்ளவர்களும் ஆண்களும் கணக்கில் இல்லை. பரிசோதனைக்கே வராதவர்கள் வருபவர்களைப் போல இருக்க வேண்டுமென்பதில்லை. நோயாக மாறக்கூடிய அளவு வைரஸைப் பிடிக்கும்படியே பரிசோதனையின் எல்லை வைக்கப்பட்டிருக்கிறது. மிகக் குறைந்த அளவு ‘இல்லை’ என்றே வரும்.

மாதவிடாய் நின்றபின் இரத்தம், உறவுக்குப் பின் இரத்தம், நடுநடுவே காரணமில்லாத இரத்தம் வந்தால் கடிதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், சென்ற ஆண்டே ‘இல்லை’ என்று வந்திருந்தாலும் சரி. அப்போது தானே எடுக்கும் ஸ்வாப் போதாது. டாக்டர் கருப்பை வாயைப் பார்த்து, வைரஸ், செல் இரண்டையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். வயது வரம்பும் 57 மாதக் கணக்கும் இதற்குக் கிடையாது.

கடைசிப் பரிசோதனை எப்போது, அடுத்தது எப்போது என்று கேட்கப் பதிவேட்டின் எண் 1800 627 701. ஆங்கிலம் சிரமமானால் 131 450ஐ அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். கணவரையோ மகளையோ மொழிபெயர்க்க அழைத்துப் போனால் இரத்தப்போக்கு, உறவு பற்றிய கேள்விகளுக்குப் பாதிப் பதில்தான் வரும். பெண் டாக்டர், மொழிபெயர்ப்பாளர், தானே மாதிரி எடுப்பது, இவற்றில் எது வேண்டுமோ அதை நேரம் குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள்.