வலிப்பு நிற்கவில்லையா? மலை இறங்கும்வரை காத்திருக்க வேண்டாம்

நாகலூரிலோ மாரமங்கலத்திலோ ஒருவருக்கு ஃபிட்ஸ் வந்து நிற்காமல் போனால், வீட்டில் எல்லோருக்கும் வண்டி நினைப்புதான். ஆளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஏற்காடு வந்து, 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, அடிவாரம் தாண்டி, அஸ்தம்பட்டி நெரிசலில் புகுந்து சேலம் ஜி.எச். சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். வலிப்பு அவ்வளவு நேரம் பொறுக்காது. 108-ஐக் கூப்பிடத்தான் வேண்டும்; ஆனால் முதல் மருந்து, ஆள் விழுந்து கிடக்கும் இடத்திலேயே உடம்புக்குள் போயாக வேண்டும்.

கை, கால் வெட்டி இழுக்கும் வலிப்புகளில் பெரும்பாலானவை 1 முதல் 3 நிமிடத்தில் தாமாகவே நின்றுவிடும். 5 நிமிடம் தாண்டியது தானாக நிற்பது அரிது. அதனால்தான் சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2015-இல் வெளியிட்ட வரையறையில் இரண்டு கெடு வைத்தது: 5 நிமிடத்தில் சிகிச்சை தொடங்க வேண்டும், 30 நிமிடம் தாண்டினால் மூளைக்கு நிரந்தரச் சேதம் வரலாம். இடைப்பட்ட நேரத்தில் மூளை சும்மா இருப்பதில்லை. நரம்புகளை அடக்கும் காபா ஏற்பிகள் செல்லின் மேல்பரப்பிலிருந்து உள்ளே போய்விடுகின்றன, தூண்டிவிடும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகள் மேலே வருகின்றன. வலிப்பை நிறுத்த முதலில் கொடுக்கும் லோரஸிபாம், மிடசோலம் போன்ற மருந்துகள் வேலை செய்வதே காபா ஏற்பியில்தான். ஐந்தாவது நிமிடத்தில் ஒரே ஊசியில் நிற்கிற வலிப்பு, நாற்பதாவது நிமிடத்தில் மூன்று மருந்துக்கும் மசியாமல் நிற்பது இதனால்தான்.

நேரத்தைக் கணக்கிட கண் மதிப்பீடு உதவாது. "அரை மணி நேரம் இழுத்துச்சு" என்று உறவினர் சொல்லும்போது, இழுப்பு நின்றபின் வரும் மயக்கத் தூக்கத்தையும் சேர்த்தே சொல்கிறார்கள். கையிலிருக்கும் செல்போனில் வீடியோவை ஓட விடுங்கள். நேரம் அதில் தானாகப் பதிவாகும், நோயைக் கண்டுபிடிக்கவும் அதுதான் கைகொடுக்கும். முகமும் கண்ணும் தெரிய வேண்டும், இரண்டு கைகளும் தெரிய வேண்டும். இழுப்பு நின்ற பிறகும் இரண்டு நிமிடம் எடுங்கள், பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். கண் திறந்திருந்ததா, தலை எந்தப் பக்கம் திரும்பியது, எந்தக் கை முதலில் வெட்டியது என்ற மூன்றும் தெரிந்தால் பாதி நோயறிதல் முடிந்த மாதிரி. கண்ணை இறுக மூடிக்கொண்டு, கை ஒரு தாளத்திலும் கால் ஒரு தாளத்திலுமாக, விட்டுவிட்டு நெடுநேரம் வரும் அசைவுகள் மனஅழுத்தத்தால் வரும் வேறு வகையாக இருக்கலாம். அவருக்கு வலிப்பு மருந்தை ஏற்றிக்கொண்டே போவது கெடுதல். மூளையின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வலிப்பு நோய் உள்ளவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் இ.இ.ஜி. நார்மலாக வரும்.

ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, தலைக்குக் கீழே துண்டை மடித்து வையுங்கள். அடுப்பு, கல், மேட்டுச் சரிவு பக்கத்தில் இருந்தால் ஆளை அங்கிருந்து நகர்த்துங்கள். வாயில் துணி, கரண்டி, விரல், சோடா எதுவும் கூடாது. சாவிக்கொத்து விஷயமும் சொல்லிவிடலாம்: அதைத் தேடி எடுத்து வருவதற்குள் இரண்டு நிமிடம் ஓடி, வலிப்பு தானாக நின்றிருக்கும், பேர் மட்டும் சாவிக்குப் போகும்.

ஏற்கெனவே வலிப்பு நீண்டு போன சரித்திரம் உள்ளவர் வீட்டில் மிடசோலம் மூக்கு ஸ்பிரே இருக்க வேண்டும். மலைக் கிராமமானால் கட்டாயம். மருத்துவர் சீட்டு இல்லாமல் கடையில் தர மாட்டார்கள். கிலோவுக்கு 0.2 மி.கி., அதிகபட்சம் 10 மி.கி. என்பது கணக்கு. 15 கிலோ குழந்தைக்கு 3 மி.கி.; ஒரு அழுத்தலுக்கு 0.5 மி.கி. வரும் பாட்டிலானால் ஒரு மூக்குத் துவாரத்தில் 3, மற்றதில் 3. அதே பாட்டிலை 50 கிலோ பெரியவருக்கு வாங்கினால் 20 முறை அழுத்த வேண்டும். மருந்தெல்லாம் தொண்டைக்கு வழிந்துவிடும், வேலைக்கு ஆகாது. பாட்டிலுக்குப் பாட்டில் அளவு மாறும் என்பதால், பழையது தீர்ந்து புதிது வாங்கும்போது லேபிளைப் பார்த்து எத்தனை அழுத்தல் என்று மருத்துவரிடம் மறுபடி கேளுங்கள். அந்த எண்ணை மார்க்கர் பேனாவால் பாட்டில் மேலேயே எழுதுங்கள். பதற்றத்தில் யாருக்கும் வகுத்தல் வராது. முதல்முறை திறந்ததும் பம்ப்பைச் சில தடவை காற்றில் அழுத்தி, புகை மாதிரி வருகிறதா என்று பார்த்து வையுங்கள். சளி ஒழுகினால் மூக்கைத் துடைத்துவிட்டு அடியுங்கள். கொடுத்தபின் மூச்சைக் கவனியுங்கள். இரண்டாம் முறை கொடுப்பது மருத்துவர் எழுதித் தந்திருந்தால் மட்டும்.

இனி ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஆம்புலன்ஸிலும் இருப்பவர்களுக்கு. உதறும் கையில் நரம்பு (ரத்தக் குழாய்) தேடி நேரத்தைக் கரைக்க வேண்டாம். 2012-இல் வந்த ராம்பார்ட் என்ற ஆம்புலன்ஸ் ஆய்வில், தொடைத் தசையில் மிடசோலம் போட்டவர்களில் 73.4 சதவீதம் பேருக்கு மருத்துவமனை சேரும்முன் வலிப்பு நின்றிருந்தது. நரம்பில் லோரஸிபாம் போட்டவர்களில் 63.4 சதவீதம். மருந்து நல்லது கெட்டது என்பதால் வந்த வித்தியாசம் அல்ல. தசை ஊசி 1.2 நிமிடத்தில் உள்ளே போனது, நரம்பு ஊசிக்கு 4.8 நிமிடம் ஆனது. 40 கிலோவுக்கு மேல் 10 மி.கி., 13 முதல் 40 கிலோ வரை 5 மி.கி. என்பது அதில் தந்த அளவு. இங்கே ஒரு சிக்கல் உண்டு. மில்லிக்கு 1 மி.கி. உள்ள மிடசோலமும் வருகிறது, 5 மி.கி. உள்ளதும் வருகிறது. முதலாவதை வைத்திருந்தால் 10 மில்லியைத் தசையில் ஏற்ற வேண்டிவரும், முடியாது. இண்டென்ட் (மருந்து கேட்கும் பட்டியல்) போடும்போதே 5 மி.கி. என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். லோரஸிபாமுக்கு ஃபிரிட்ஜ் வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மலைக்கு மிடசோலமே தோது.

"மூச்சு நின்னுடுமோ" என்று பயந்து 2 மி.கி., 3 மி.கி. என்று கிள்ளிக் கொடுக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. மூச்சை அதிகம் நிறுத்துவது வலிப்புதான். 2001-இல் சான் பிரான்சிஸ்கோ ஆம்புலன்ஸ்களில் நடந்த ஆய்வில், லோரஸிபாம் பெற்றவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு மூச்சு அல்லது ரத்த ஓட்டச் சிக்கல் வந்தது. மருந்தே இல்லாத வெற்று ஊசி பெற்றவர்களில் 22.5 சதவீதம். அரைகுறை அளவு இரண்டுங்கெட்டான்: வலிப்பும் நிற்காது, ஆளும் அசந்துபோவார்.

முதல் மருந்துக்கு நிற்கவில்லை என்றால், வழக்கமான அடுத்த மருந்து ஃபெனிடாயின். இதில் நடக்கும் தவறு கணக்கில். கிலோவுக்கு 20 மி.கி. என்றால் 60 கிலோ ஆளுக்கு 1200 மி.கி.; 100 மி.கி. ஆம்பூல் 12 உடைக்க வேண்டும். இரண்டு ஆம்பூல் போட்டுவிட்டு 'லோடிங் (முழு முதல் அளவு) கொடுத்தாச்சு' என்று ரெஃபரல் சீட்டில் எழுதி அனுப்பினால், கீழே சேலத்தில் இருக்கும் மருத்துவர் அடுத்த மருந்துக்குப் போய்விடுவார். நார்மல் சலைனில் மட்டுமே கலக்க வேண்டும். டெக்ஸ்ட்ரோஸில் விட்டால் படிகமாகத் திரியும். நிமிடத்துக்கு 50 மி.கி.க்கு மேல் ஓடக் கூடாது, ஆக 24 நிமிடம் பி.பி.யும் இதயத் துடிப்பும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 2019-இன் எசெட் ஆய்வில் லெவடிரசிட்டம் 60, ஃபாஸ்ஃபெனிடாயின் 20, வால்புரோயேட் 40 மி.கி./கிலோ என்ற மூன்றுமே பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு ஒரே அளவில்தான் பலன் தந்தன. அப்படியிருக்க, மானிட்டர் இல்லாத இடத்தில், வளைவில் ஆடும் வண்டியில், 10 நிமிடத்தில் ஏற்றி முடிக்கக்கூடிய லெவடிரசிட்டமே எங்கள் தேர்வு. எதுவானாலும் குளுகோமீட்டரில் சர்க்கரை பார்க்காமல் வண்டி நகரக் கூடாது. 20 வாரம் தாண்டிய கர்ப்பிணிக்கு வலிப்பு என்றால் முதலில் மெக்னீசியம் சல்ஃபேட்; மற்றவை அப்புறம்.

இழுப்பு நின்று ஆள் "தூங்குகிறார்" என்றால் நிம்மதியாகிவிட வேண்டாம். 1998-இல் வர்ஜீனியாவில் 164 பேரை இ.இ.ஜி.யில் தொடர்ந்து கவனித்தபோது, வெளியே வலிப்பு அடங்கிய பிறகும் 48 சதவீதம் பேருக்கு மூளைக்குள் வலிப்பு மின்னோட்டம் தென்பட்டது. அரை மணி, ஒரு மணி நேரத்தில் தெளியாதவருக்கு, இமையோ உதட்டோரமோ லேசாகத் துடிக்கிறவருக்கு, அன்றே இ.இ.ஜி. வேண்டும்.

ஏற்கெனவே வலிப்பு நோய் உள்ளவருக்கு வலிப்பு நிற்காமல் போகும் காரணங்களில் முதலிடம், விட்டுப்போன மாத்திரைக்கு. வாரச் சம்பளத்தில் ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்குவதும், 'ஆறு மாசமா வரலையே' என்று நிறுத்துவதும், வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குத் தூங்காமல் விழித்து மறுநாள் காலை மாத்திரையை மறப்பதும் எல்லாம் இதில் சேரும். குடியை நிறுத்திய 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும் வலிப்பு இன்னொரு வகை.

ஏற்காட்டுக் கடைகளில் வாங்கும் நீலகிரித் தைலத்தையும் சொல்ல வேண்டும். அதிலுள்ள சினியோல் என்ற வேதிப்பொருள் வலிப்பைத் தூண்டும். இந்த எண்ணெயை முகர்ந்தபின் வந்த வலிப்புகளைப் பற்றி பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் 2017-இல் ஆய்வு வெளியிட்டார்கள். கற்பூரமும் அதே ரகம். பூஜை அலமாரியில் குழந்தைக்கு எட்டும்படி வைக்காதீர்கள். வலிப்பு உள்ளவருக்குச் சளி என்றால் வெறும் வெந்நீர் ஆவி போதும்.

வலிப்பு வந்தவருக்கு ஸ்கேனில் மூளையில் ஒரே ஒரு சின்ன வளையம் தெரிந்தால், முன்பெல்லாம் காசநோய்க் கட்டி என்று நினைத்து மாதக்கணக்கில் டி.பி. மருந்து கொடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி.யின் சாண்டியும் ராஜசேகரும் அவற்றைத் திசுச் சோதனையில் பார்த்தபோது, பெரும்பாலானவை நாடாப்புழுவின் கூடு என்று தெரிந்தது. 20 மி.மீ.க்குள், மூளை ஒரு பக்கம் தள்ளப்படாமல் இருந்தால் இதையே முதலில் நினைக்க வேண்டும். "நாங்க பன்றிக்கறி தொடவே மாட்டோம், எப்படி வரும்?" என்பார்கள். கறியில் இருக்கும் புழு குடலில்தான் வளரும். மூளைக்குப் போவது முட்டை. மனிதக் கழிவு கலந்த நீரில் விளைந்த கீரை வழியாகவும், கை கழுவாமல் சமைப்பவர் வழியாகவும் அது சைவர் வயிற்றுக்கும் போகும். இதற்கு மருந்து, புழுவைக் கொல்லும் அல்பெண்டசோல்: நாளொன்றுக்குக் கிலோவுக்கு 15 மி.கி., 10 முதல் 14 நாள். அதுவும் வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டை முன்கூட்டியே தொடங்கி, கண்ணுக்குள் புழு இல்லை என்று பார்த்த பிறகுதான். பூச்சி மாத்திரைதானே என்று கடையில் கேட்டு வாங்கிப் போட்டால், சாகும் புழுவைச் சுற்றி வீக்கம் ஏறி வலிப்பு அதிகமாகும். ஸ்கேனில் கூடு கரைந்துவிட்டாலும் வலிப்பு மாத்திரையை எப்போது குறைப்பது என்பது தனிக் கேள்வி. தழும்பில் சுண்ணாம்பு படிந்திருந்தால் கூடுதல் காலம் தொடர வேண்டிவரும்.