ஒட்டுப்பால் வாடை ஏன் இனிக்கிறது?

ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்களுக்கு ஒட்டுப்பாலைப் பற்றிச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. மரத்தில் கட்டிய கோப்பையில் உறைந்து கிடக்கும் பாலில் பாக்டீரியா பெருகி, ஆவியாகும் கொழுப்பு அமிலங்களை உண்டாக்கும். புளித்து அழுகிய அந்த வாடை சட்டையில் ஏறினால் லேசில் போகாது. ஆனால் மலேசியாவின் பினாங்கில், செபராங் பிறைத் தோட்டங்களில் வளர்ந்து, இப்போது பட்டர்வொர்த்திலோ ஜார்ஜ் டவுனிலோ அடுக்குமாடியில் குடியிருக்கும் பெரியவர்கள் பலர் அந்த வாடைக்கு முகம் சுளிப்பதில்லை. இன்னொரு தடவை மூச்சை இழுத்துப் பார்ப்பார்கள். அப்புறம் பெரட்டு (விடியற்காலை ஆள் கணக்கெடுப்பு), லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசல், அம்மா தலையில் கட்டிய துண்டு என்று பேச்சு தானாக வரும்.

மூளைக்குள் மணம் போகும் பாதைதான் இதற்குக் காரணம். நம் மூக்கின் மேற்பகுதியில் மணத்தின் மூலக்கூறுகளைப் பிடித்து உணரும் ஏறக்குறைய 400 வகை நுகர்ச்சி ஏற்பிகள் இருக்கின்றன. ஒரு மணத்துக்கு ஓர் ஏற்பி என்று கணக்கில்லை. அதே புள்ளிகளை வேறு வேறாகச் சேர்த்துப் பல கோலம் போடுவதுபோல, எந்தெந்த ஏற்பிகள் சேர்ந்து தூண்டப்படுகின்றன என்பதை வைத்து மூளை மணத்தை அடையாளம் காண்கிறது. இந்த ஏற்பிகளுக்கான மரபணுக்களை 1991-ல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்ஸல் இருவருக்கும் 2004-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

கண்ணும் காதும் தரும் செய்திகள் தலாமஸ் என்ற பகுதிக்குப் போய்த்தான் மேலே போகும். மணத்துக்கு அந்த இடைநிறுத்தம் இல்லை. மூக்கின் செய்தியை முதலில் வாங்கும் நுகர்ச்சிக் குமிழைத் தாண்டியதும், உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலாவுக்கு அது நேராகப் போய்விடும். நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸும் பக்கத்தில்தான். அதனால்தான் இன்ன வாசம் என்று பெயர் சொல்ல வருவதற்குள் மனசு கலங்கிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. 2006-ல் சுவீடனில் வெளிவந்த ஓர் ஆய்வில் முதியவர்களிடம் சொற்கள், படங்கள், மணங்கள் மூன்றையும் கொடுத்து நினைவுகளைக் கேட்டார்கள். சொல்லும் படமும் பெரும்பாலும் 11 முதல் 20 வயது வரையிலான நினைவுகளைக் கொண்டுவந்தன. மணம் கொண்டுவந்ததோ 10 வயதுக்கு முந்தைய நினைவுகளை. பாட்டியின் அடுப்படி அழியாமல் இருப்பது இப்படித்தான்.

சரி, பழசை நினைப்பதால் என்ன பயன்? வேலையற்ற வேலை என்று சிலர் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2014-ல் மேகன் ஸ்பியர், மொரிசியோ டெல்காடோ குழுவினர் அமெரிக்காவில், நல்ல நினைவுகளை அசைபோடுகிறவர்களின் மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். பணம் கிடைத்தால் எந்த ஸ்ட்ரையேட்டம் பகுதி விழிக்குமோ, அதே பகுதி அப்போதும் விழித்தது. நல்ல நினைவை நினைத்துப் பார்ப்பதற்காகச் சிறு தொகையை விட்டுக்கொடுக்கவும் அவர்கள் தயாராக இருந்தார்கள். 2017-ல் இதே இருவர் செய்த இன்னொரு ஆய்வில், குளிர்ந்த நீரில் கையை வைக்கச் சொல்லி மன அழுத்தம் கொடுத்த பிறகு, நல்லதை நினைத்தவர்களுக்குக் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் அவ்வளவாக ஏறவில்லை. இந்த மகிழ்ச்சி உடம்பில் நடப்பது. வெறும் கற்பனை இல்லை.

ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவின் பூக்கடை முன்னால் நின்றால் மல்லிகை மணம் ஆளைத் தூக்கும். அந்த மணத்தில் இண்டோல் என்ற பொருளும் கொஞ்சம் கலந்திருக்கிறது. அதுவே அதிகமானால் மலவாடை அடிக்கும்! ஒரு வாசம் பிடிப்பதும் பிடிக்காததும் மூலக்கூறை மட்டும் பொறுத்ததல்ல; அளவும், அதோடு ஒட்டிய நினைவும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. அதே கடையில் நாள் முழுக்கப் பூக்கட்டுகிறவருக்கு மணம் தெரியாமலே போய்விடும். ஓயாமல் வருவதை மூக்கும் மூளையும் சட்டைசெய்யாது. ஒரு வாரம் சாக்லேட்டைத் தொடாதவர்கள் மறுபடி தின்றபோது கூடுதலாக ரசித்தார்கள் என்கிறது 2013-ல் வந்த ஓர் ஆய்வு. பிடித்த பலகாரத்தை, பிடித்த கடைத் தே தாரிக்கை (இழுத்து ஆற்றிய பால் தேநீரை) தினமும் வேண்டாமென்று கொஞ்சம் இடைவெளி விட்டுப் பாருங்கள்.

வாசிப்பும் இதே கதவைத்தான் தட்டுகிறது, மூக்கில்லாமலே. பூண்டு, லவங்கப்பட்டை போன்ற மணமுள்ள பொருள்களின் பெயரை வெறுமனே வாசித்தபோதும் மூளையின் நுகர்ச்சிப் பகுதி தூண்டப்பட்டதை 2006-ல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் ஸ்கேனில் பார்த்தார்கள். தோட்டப்புறத்தை எழுதும் நம் மலேசியத் தமிழ்க் கதைகளை வயதானவர்களுக்கு வாசித்துக் காட்டுவது நல்லது என்று நான் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். வயது ஏற ஏற மோப்பம் குறையும். சொல் அந்த இடத்தில் கொஞ்சம் கைகொடுக்கும்.

வாசித்து முடித்ததும், "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்காதீர்கள். "நல்லாத்தான் இருந்துச்சு" என்று முடித்துவிடுவார்கள். விடியற்காலை லயத்தில் என்ன வாசம் வரும், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் உடைத்த தேங்காய்த் தண்ணீர் வெயிலில் எப்படி நாறும் என்று குறிப்பாகக் கேளுங்கள்.