புகை குடித்த தோல் பை

திசையன்விளைப் பக்கம் அத்தை வீட்டில் என் தோல் பையை மறந்து வைத்துவிட்டு வந்தேன். போன பங்குனியில். ஆடியில் போய் எடுத்தபோது அது விடிலியின், அதாவது பதநீர் காய்ச்சும் ஓலைக்குடிசையின், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பதநீர்ச் சீசன் முழுக்க, காய்ந்த ஓலையும் உடைமுள்ளும் எரிந்த அடுப்புக்கு மேலே! அன்று நான் போட்டிருந்த சட்டையிலும் புகைவாடை ஏறியது. ஒரு துவைப்பில் போய்விட்டது. பை அப்படி விடவில்லை. பாளையங்கோட்டை வெயிலில் சும்மா இருந்தது. ஐப்பசி மழை பிடித்ததும் அலமாரியைத் திறந்தால் உள்ளே விடிலியே இருந்தது.

விறகில் லிக்னின் என்றொரு பொருள் உண்டு. மரத்துக்கு விறைப்பைக் கொடுப்பது அதுதான். சூட்டில் அது உடையும்போது குவாயகால், சிரிங்கால் போன்ற ஃபீனால் வகை வேதிப்பொருள்கள் பிறக்கின்றன. புகை மணம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இவற்றுடையது. நூறு கோடிப் பங்கு தண்ணீரில் சில பங்கு குவாயகால் கலந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். விறகின் மற்ற பகுதிகளிலிருந்து அசிட்டிக் அமிலம், ஃபார்மால்டிஹைடு எல்லாம் வருகின்றன. கூடவே கரித்துகள், பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான்.

இனி தோல். பையின் உட்புறம், தையல் பிரிந்த இடத்தில், சொரசொரவென்று பஞ்சுபோல ஒரு பக்கம் தெரியும். கொலாஜன் என்ற புரத நார்கள் பின்னிக் கிடக்கும் வலை அது. புகை நுழைய அங்கே இண்டு இடுக்குக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் நுழைவது பெரிய விஷயமில்லை, பருத்தியிலும்தான் நுழைகிறது. தோலில் அது ஏன் தங்குகிறது என்பதுதான் கேள்வி.

நம் ஊர்களில் பச்சைத்தோலை ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் போட்டுப் பதப்படுத்துவார்கள். பட்டையில் உள்ள டானின் கொலாஜன் நாரோடு ஒட்டிக்கொள்ளும். தோல் அதன்பிறகு அழுகாது. இந்த டானின்கள் பல ஃபீனால்கள் சேர்ந்த பெரிய மூலக்கூறுகள். புகையின் குவாயகால் அதே வம்சத்துச் சின்னப் பிள்ளை. பெரியவர் உட்கார்ந்த திண்ணையில் இதுவும் வந்து உட்காருகிறது, கொஞ்சம் தளர்வாக. போதாக்குறைக்கு, தோல் வளைய வேண்டும் என்று ஏற்றிய எண்ணெயிலும் ஃபீனால் நன்றாகக் கரையும். வட அமெரிக்கப் பழங்குடிகள் மான்தோலைப் புகை போட்டே பதப்படுத்தியிருக்கிறார்கள்; புகையில் உள்ள ஃபார்மால்டிஹைடு போன்ற ஆல்டிஹைடுகள் நார்களுக்கிடையே பாலம் கட்டிவிடும். அப்படிப் பார்த்தால் என் பையை அத்தை வீட்டு அடுப்பு இரண்டாவது தடவையாகப் பதப்படுத்தியிருக்கிறது.

மழைக்காலத்தில் வாடை திரும்புவதும் இதனால்தான். ஈரக்காற்றின் நீர் மூலக்கூறுகளுக்கும் கொலாஜனில் அதே இடம் வேண்டும். அவை இடித்துத் தள்ள, ஃபீனால் வெளியே வருகிறது. குவாயகாலின் கொதிநிலை 205 டிகிரி செல்சியஸ். சாராயம் மாதிரிச் சட்டென்று பறந்துவிடாது, துளித்துளியாகத்தான் கிளம்பும்.

"வெயில்ல போடுல, எல்லாம் போயிரும்" என்றாள் அத்தை. நேர்வெயிலில் எண்ணெய் வற்றித் தோல் வெடிக்கும். பக்கத்து வீட்டு ஆச்சி சாம்பிராணி போடச் சொன்னார். புகைக்குப் புகையா! ஆப்பசோடாவும் ஓரளவுக்குத்தான். அசிட்டிக் அமிலத்தை அது அடக்கும். ஃபீனாலோ மிகப் பலவீனமான அமிலம், சோடாவுக்கு மசியாது. ஈரத்தோடு சோடா பட்டால் இயல்பிலேயே அமிலப் பாங்கான தோலுக்குத்தான் கேடு.

நான் செய்தது: முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் கரியைத் தட்டி எடுத்தேன். ஈரத்துணி வைத்திருந்தால் கரி துவாரங்களுக்குள் இறங்கியிருக்கும். உள்ளே இருந்த துணி லைனிங்கை வெளியே இழுத்து, சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் மின்விசிறிக்கு அடியில் காயவிட்டேன். பாதி வாடை அந்த லைனிங்கில்தான் இருந்தது. பிறகு மூடி இறுகிய டப்பாவில் பையைத் திறந்தபடி வைத்து, பக்கத்தில் துணி முடிச்சில் சிரட்டையிலிருந்து செய்த ஆக்டிவேட்டட் கரி. கரியை நீராவியில் மறுபடி சுட்டு நுண்துளைகளைத் திறந்தால் அந்தக் கரி கிடைக்கும். ஒரு கிராமின் உட்பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர், அதாவது 25 சென்ட் நிலம். தோலிலிருந்து கிளம்பும் ஃபீனால் காற்றில் நிற்காமல் அந்த நிலத்தில் போய்க் குடியேறும். காற்று காலியாக, தோல் அடுத்ததை விடும். அடுப்புக்கரியும் உதவும், ஆனால் உட்பரப்பு குறைவு. வாரம் ஒருமுறை கரியை மாற்றினேன்.

மூன்று வாரத்தில் கையில் எடுத்தால் வாடை இல்லை. தையலுக்குள் மூக்கை விட்டால் மட்டும் லேசாக இருந்தது. அதை அத்தையிடமே நீட்டினேன். நாற்பது வருஷம் விடிலிப் புகையில் நின்றவள், ஆழமாக ஒருதரம் முகர்ந்துவிட்டுச் சொன்னாள்: "எங்கல மணக்கு? எனக்கு ஒண்ணும் தெரியலியே."