பாரத்நெட்டுக்கு நீங்களும்தான் பணம் கட்டுகிறீர்கள்

"அது செல்போன் கம்பெனிகள் கட்டுகிற பணம் சார், நமக்கென்ன?" மயிலாப்பூரில் என் ஆடிட் அலுவலகத்துக்கு வரும் நன்கு படித்தவர்களே இப்படிச் சொல்கிறார்கள். போன வாரமும் ஒருவர் சொன்னார். கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை இணையம் கொண்டுபோகும் பாரத்நெட் பற்றித்தான் பேச்சு. பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

கம்பெனிகள் தங்கள் வருவாயில் 8 சதவீதம் உரிமக் கட்டணம் கட்டுகின்றன. அந்த எட்டில் ஐந்து, கிராமத் தொலைத்தொடர்புக்கான நிதிக்கு உரியது. பாரத்நெட்டுக்குப் பணம் வருவது இந்த நிதியிலிருந்துதான். முன்பு யுஎஸ்ஓ நிதி என்பார்கள், 2023 சட்டத்தில் டிஜிட்டல் பாரத் நிதி ஆனது. சரி, அந்த வருவாய் யார் கொடுத்தது? 299 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்கிறீர்கள். அதில் 18 சதவீத ஜிஎஸ்டி 45 ரூபாய் 61 காசு. மீதி 253 ரூபாய் சொச்சத்தில் 5 சதவீதம் போட்டால் 12 ரூபாய் 67 காசு வரும். (சில கழிவுகள் உண்டு, அதனால் கொஞ்சம் குறையலாம்.) ஜிஎஸ்டி பில்லில் தெரியும், இது தெரியாது. எந்தக் கம்பெனியும் இதைக் கைக்காசிலிருந்து போடுவதில்லை. வருமான வரியே கட்டாத பூக்கார அம்மாவும் ரீசார்ஜ் செய்யும்போது இதைக் கட்டுகிறார். தயவுசெய்து இனி "கம்பெனி பணம்" என்று சொல்லாதீர்கள்.

2011 அக்டோபரில் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தபோது மதிப்பீடு சுமார் 20,000 கோடி. இரண்டரை லட்சம் ஊராட்சிகளை 2013க்குள் இணைப்பதாகப் பேச்சு. 2017ல் 42,068 கோடி ஆனது. 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி. முதல் தொகையையும் கடைசித் தொகையையும் பக்கத்தில் வைத்து 'ஏழு மடங்கு ஊழல்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களும் தப்பு செய்கிறார்கள். கடைசித் தொகையில் பத்தாண்டுப் பராமரிப்பும் ஊராட்சி தாண்டிய கிராமங்களும் அடக்கம். வேலை வேறு, தொகை வேறு. எனக்கு வயிறு எரிவது கிடப்பில் போன சொத்தைப் பார்த்தால்தான். ஊராட்சி அலுவலகத்தில் இணையக் கருவிப் பெட்டி இருக்கும், யுபிஎஸ் பேட்டரி செத்திருக்கும், யாரும் கேட்கமாட்டார்கள். அப்புறம் அதையே மாற்ற மறுபடியும் செலவு.

தமிழ்நாட்டில் இந்த வேலை மாநில அரசின் டான்பிநெட் நிறுவனத்திடம். 12,525 ஊராட்சிகள். சென்னையில் இருக்கும் நமக்கும் சொந்த ஊர் என்று ஒன்று இருக்கிறதே! பொங்கலுக்குப் போனால் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு நடை எட்டிப் பாருங்கள், பெட்டியில் விளக்கு எரிகிறதா என்று. ஜனவரி 26 கிராம சபையில் கேள்வி எழுப்பச் சொல்லுங்கள். உங்கள் ஓட்டு சென்னையில் இருந்தால் நீங்கள் அந்தச் சபையின் உறுப்பினர் இல்லை, அங்கே ஓட்டு உள்ள அப்பாவோ சித்தப்பாவோ கேட்கட்டும். கேபிளை வெட்டாதீர்கள், வெட்டுகிறவர்களையும் விடாதீர்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை, தாமிரம் இல்லை, பத்து காசுக்குக்கூடப் பெறாது.

கிராம சபையில் கேட்டும் பதில் வரவில்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில் டான்பிநெட்டின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். "திட்டம் எந்த நிலையில் உள்ளது" என்று மொட்டையாக எழுதாதீர்கள், "நடவடிக்கையில் உள்ளது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எங்கள் ஊராட்சிக்கு எந்தத் தேதியில் இணைப்பு வந்தது, போன மாதம் எத்தனை நாள் வேலை செய்தது, பள்ளிக்கூடம் உட்பட யார் யாருக்கு இணைப்பு கொடுத்திருக்கிறீர்கள், பராமரிப்பு ஒப்பந்தக்காரருக்கு இதுவரை எவ்வளவு கொடுத்தீர்கள் என்று ஊராட்சிப் பெயரோடு தனித்தனியாகக் கேளுங்கள்.